வள்ளல்கள் போதும்

‘நாட்டுக்குப் பலமான ஒரு தலைவர் வேண்டும். அவர் மட்டும் நல்லவராக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.’ நம் கட்சிகள் எதற்கெடுத்தாலும் சண்டை போடும். இந்த ஒன்றில் மட்டும் போடாது. அந்தத் தலைவர் தில்லியில் இருப்பவரா, சென்னையில் இருப்பவரா, இனிமேல்தான் வரப்போகிறவரா என்பதில்தான் தகராறு. போளூரிலிருந்து கொண்டையூசி வளைவுகள் ஏறி ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இறங்கி டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அங்கேயும் இதே பேச்சுதான். எதிர்ச்சுவர் போஸ்டரில் ஒரே ஒரு முகம் ஆளுயரத்துக்கு இருக்கும். எம்.எல்.ஏ., ஒன்றியச் செயலாளர் முகங்கள் அதன் காலடியில் வரிசை கட்டியிருக்கும்.

இந்தக் கருத்தை அரைகுறையாகச் சொல்லிவிட்டு அடிப்பது சுலபம். அதன் முழு பலத்தோடு சொன்னால் இப்படி இருக்கும்: அதிகாரத்துக்கு வரம்பு, சொத்துரிமை, தனிமனித சுதந்திரம் என்று தாராளவாதம் பேசுவதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் கவலை. பிரசவ வலியில் துடிப்பவளை டோலி கட்டித் தூக்கி இறங்கும் ஊருக்கு வேண்டியது சாலை. சந்தை மலையேறி வந்து ஒரு பள்ளிக்கூடமும் கட்டவில்லை. அரசுதான் உண்டு உறைவிடப் பள்ளி கட்டியது, ரேஷன் அரிசி கொடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையம் திறந்தது, ஜமுனாமரத்தூரைத் தனி வட்டமாக்கியது. 2024இல் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவர் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றதற்கும், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு தந்த முன்னுரிமை கைகொடுத்திருக்கிறது. ஆகவே தலைவரின் கையைக் கட்டாதீர்கள், அதைப் பலப்படுத்துங்கள்.

வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சாலை வேண்டாம் என்று எவனும் சொல்லமாட்டான். ஆனால் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலையில் நடந்தால், அது பத்தடிகூடத் தாங்கவில்லை என்பதுதான் என் கட்சி. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்தவர் அல்லர், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை) அனுபவித்ததை வைத்தே பேசுவோம்.

1. கொடுக்கிற கைக்குப் பறிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

இந்த மலையடிவாரத்துச் செங்கம், நம் இலக்கியத்தில் ஒரு வள்ளலின் ஊர். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடுகிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு அதில் சேயாறாக ஓடுகிறது. அது கூத்தராற்றுப்படை. பரிசு வாங்கிக்கொண்டு வரும் கூத்தன், வறுமையில் வரும் இன்னொரு கூத்தனிடம், ‘அவனிடம் போ, தருவான்’ என்று வழி சொல்கிறான். இரண்டாயிரம் ஆண்டு ஆகப்போகிறது. நம் அரசியல் இன்னும் ஆற்றுப்படையைத் தாண்டவில்லை. வட்டச் செயலாளர் வழி சொல்கிறார். நாம் மனுவோடு நடக்கிறோம்.

சங்க இலக்கியத்தில் இன்னொரு நன்னனும் இருக்கிறான். செங்கத்தான் அல்லன், கொண்கானத்துக்காரன். அவனுடைய காவல் மாமரத்திலிருந்து விழுந்து ஆற்றில் மிதந்துவந்த ஒரு காயை, குளிக்க வந்த பெண் எடுத்துத் தின்றாள். அதற்குக் கொலைத்தண்டனை. எண்பத்தொரு யானையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தருகிறோம் என்று அவளுடைய வீட்டார் கெஞ்சியும் அவன் இறங்கிவரவில்லை. குறுந்தொகையில் பரணர் அவனுக்குக் கொடுத்த பட்டம் ‘பெண்கொலை புரிந்த நன்னன்’. ஒரே பெயரில் ஒரு வள்ளல், ஒரு கொலைகாரன். இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே வகை அதிகாரம். கேள்வி கேட்க ஆளில்லாதது. குடிமக்களுக்கு எந்த நன்னன் வாய்ப்பான் என்பது அவரவர் தலையெழுத்து.

சங்க காலத்துக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜவ்வாது மலையின் சந்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1792இல் மைசூரில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கு உரிய மரமாக அறிவித்தார். பிறகு வந்த வெள்ளைக்காரனும், அவனுக்குப் பிறகு வந்த நாமும் ஏறக்குறைய அதே வழியில் போனோம். பறவை தின்று எச்சமிட்ட விதை ஒருவன் நிலத்து வேலியோரம் முளைத்தால்கூட, அதை அவன் இஷ்டப்படி வெட்டவோ விற்கவோ முடியாது. வளர்த்தால் வனத்துறை வந்து எண்ணும். காணாமல் போனால் அவன்மேல் சந்தேகம். திருடன் வந்தால் உயிருக்கு ஆபத்து. இந்த நிலையில் புத்தியுள்ள விவசாயி என்ன செய்வான்? கன்று கணுக்கால் உயரம் வருமுன் பிடுங்கி எறிவான். மரத்தை நட்டு வளர்த்திருக்க வேண்டியவனுக்கு அது தொல்லை. வெட்டிக் கடத்துபவனுக்கோ லாபம். வீரப்பன் என்ற பெயரை நாடு முழுக்கத் தெரிந்த பெயராக்கியதில் இந்தச் சட்டத்துக்குள்ள பங்கைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

2002இல்தான் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி, பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கு உரியது என்றது. அதுவும் பாதித் திருத்தம்தான். வெட்டுவதும் கொண்டுபோவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஊருக்கே அதனால் பெயர். காடு நிறைய இருந்த சந்தனம் எங்கே என்று மலைமேல் கேளுங்கள். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பலமான தலைவர்கள் வந்து போனார்கள். சந்தனத்தைக் காப்பாற்ற எல்லோரும் அதிகாரத்தைக் கூட்டினார்கள். தென்னையையும் மாவையும் போல அதையும் மனிதன் நட்டு, வெட்டி, விற்கட்டும் என்று விட்டுவிட எவருக்கும் மனம் வரவில்லை.

2. பலமான கை, சரி. யார் முதுகில் விழுந்தது அது?

1991 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக–காங்கிரஸ் கூட்டணி 234 இடங்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் அள்ளியது. திமுகவுக்கு மிஞ்சியது இரண்டு. பலமான ஆட்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் கிடைக்காது. அடுத்த ஆண்டு, 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து நுழைந்தன. தேடிப்போனது சந்தனக்கட்டை. ஊரில் இருந்தவர்கள் ஜவ்வாது மலையில் இருப்பவர்களைப் போலவே மலையாளிப் பழங்குடிகள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடு மாடுகள் பறிபோயின, ஊரே காலியானது. அரசு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது.

நீதி எப்படி வந்தது என்று பாருங்கள். எந்தத் தலைவரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. (தாராளவாதிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது.) உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் வழக்கு சிபிஐக்குப் போனது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் சாட்சிக் கூண்டு ஏறி, அதிகாரிகளின் முகத்தைப் பார்த்து அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்; மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டு. இடையில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. வாச்சாத்திப் பெண்களுக்குக் கைகொடுத்தது ஆட்சியாளரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு நீதிமன்றமும், ‘அரசு ஊழியனும் சட்டத்துக்கு உட்பட்டவன்’ என்ற பழைய, சலிப்பூட்டும் கொள்கையும்தான். வயிறு நிறைந்தவர்களின் கவலை என்று கேலி செய்தோமே, அதுதான் இது.

இன்னொன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை இருபது பேரைச் சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டுக் கூலிகள்; ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. கடத்தலை ஒடுக்கும் இரும்புக் கரம் என்று அதையும் மெச்சியவர்கள் இருந்தார்கள். மரத்தை வாங்கிக் கப்பலேற்றிய முதலாளி ஒருவன்கூட அந்த இருபதில் இல்லை. இரும்புக் கரம் எப்போதும் எட்டுகிற தூரத்தில் இருப்பவனைத்தான் பிடிக்கும்.

3. உங்கள் தலைவர் பலமானால் உங்கள் பிரதிநிதி என்ன ஆவார்?

ஜமுனாமரத்தூர் கலசபாக்கம் சட்டமன்றத் தொகுதியில் இருக்கிறது. கீழே சமவெளியில்தான் தொகுதியின் பெரும்பான்மை வாக்கு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். மக்களவையில் ஒன்றும் இல்லை. ஆகவே மலைக்காரனுக்கு இருக்கும் ஒரே குரல் கலசபாக்கத்து எம்.எல்.ஏ.

1985இல் ராஜீவ் காந்தி, மக்களவையில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களோடு வந்த கையோடு, கட்சித்தாவல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். விலைபோகும் உறுப்பினர்களைத் தடுப்பது நோக்கம் என்றார்கள்; நாடே கைதட்டியது. நடந்தது என்ன? கொறடா சொன்னதற்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். வனம் சம்பந்தமான ஒரு மசோதா சட்டமன்றத்துக்கு வருகிறது, அது மலைக்குக் கெடுதல் என்று கலசபாக்கத்தாருக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்து ஓட்டுப் போட அவருக்கு வழியில்லை. கட்சித் தலைமை விரலசைத்தால் கை தூக்க வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். அவர் பதவியைப் பறிக்கும் சக்தி தலைவரிடம். போஸ்டரில் அவர் முகம் தலைவரின் காலடியில் சிறுத்துக் கிடப்பதற்குச் சட்ட அங்கீகாரமே உண்டு. தாவலையாவது அந்தச் சட்டம் நிறுத்தியதா என்றால், ரிசார்ட் அரசியலைப் பார்த்த எவரும் பதில் சொல்வார்கள்.

தில்லியின் பலத்துக்கு ஏங்குபவர்களுக்கு ஒரு தேதி: 1976 ஜனவரி 31. அன்று பெரும்பான்மையோடு இருந்த கருணாநிதி ஆட்சியை இந்திரா காந்தி ஒரே கையெழுத்தில் கலைத்தார். நெருக்கடி நிலையில் ரயில் நேரத்துக்கு ஓடியது என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ரயில் ஓடியிருக்கலாம். சென்னைச் சிறைக்குள் என்ன நடந்தது என்று திமுகவினரைக் கேட்டால் சொல்வார்கள். அவர்களும் தங்கள் தலைவர் என்று வந்தால் அதே பலத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குக் கொண்டுவிடும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலேயே எச்சரித்துவிட்டார். அவர் சிலைக்கு மாலை போடுகிற எல்லாக் கட்சிகளும் இந்தப் பேச்சை மட்டும் மறந்துவிடுகின்றன.

4. உரிமையை எதற்கு மேடை போட்டுக் கொடுக்கிறீர்கள்?

வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்கிறது அது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத் தொடங்க வேண்டியது அதிகாரி அல்ல, கிராம சபை. இந்தச் சட்டத்தின் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சாட்சியம் பற்றியது. பத்திரம் இல்லையா? கிணறு காட்டலாம், இடுகாடு காட்டலாம், சாமி இருக்கும் இடத்தைக் காட்டலாம். ஊரில் வயதான ஒருவர், விண்ணப்பதாரர் அல்லாத ஒருவர், ‘இவன் அப்பன் இங்கேதான் சாமை விதைத்தான்’ என்று சொல்லி அதை எழுதி வைத்தால் அதுவும் சாட்சியம். வனத்துறையின் கோப்புக்கு எதிராக ஒரு கிழவியின் வாய்மொழியைத் தராசில் ஏற்றிய சட்டம் இந்த நாட்டில் வேறு எது?

அந்தச் சட்டம் தமிழ்நாட்டில் என்ன ஆயிற்று? வழக்குப் போட்டார்கள். நீதிமன்ற அனுமதி இல்லாமல் பட்டா தரக்கூடாது என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2016இல். எட்டு ஆண்டுகள்! மாறி மாறி ஆண்ட இரண்டு பலமான தலைமைகளும் அந்தத் தடையை உடைக்க அவசரப்படவில்லை. சமவெளியில் ஒரு தொழிற்சாலைக்கு இப்படித் தடை விழுந்திருந்தால் இவர்கள் எட்டு வாரம் பொறுத்திருப்பார்களா?

அதற்குப் பிறகு பட்டாக்கள் எப்படித் தரப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். பந்தல், ஒலிபெருக்கி, மந்திரி. சட்டப்படி ஏற்கெனவே அவர்களுக்கு உரிய ஒன்றை, ‘வழங்கினார்’ என்று செய்தி போட்டு, கும்பிட்டு வாங்க வைக்கிறார்கள். மறுநாள் படத்தில் குனிந்து நிற்பது நிலத்துக்குச் சொந்தக்காரர். நிமிர்ந்து நிற்பது அவரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

சாலை வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மலைச்சாலைகள் பலவற்றுக்கு முட்டுக்கட்டை வன அனுமதி. இதே சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையோடு வனநிலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது. டோலியை ஒழிக்கும் சக்தி ஊர்க்கூட்டத்தின் தீர்மானத்திலிருந்தே தொடங்க முடியும். தலைவரின் கருணைக்குக் காத்திருக்கப் பழக்கியவர்கள் இதை மலையில் சொல்லிக்கொடுக்கவில்லை.

5. ‘ராஜாஜி கட்சிக்காரன் பேசுகிறான்’ என்று சிரிக்கிறவர்களுக்கு

சிரிக்கக் காரணம் இருக்கிறது. தாராளவாதம் தமிழ்நாட்டில் 1959இல் சுதந்திராக் கட்சியாக, ராஜாஜி தலைமையில் வந்தது. லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ஆட்சி என்று அவர் சாடியது முழுக்கச் சரி. 1952இல் முதலமைச்சரானதும் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கி, தன் அரசின் கையிலிருந்த அதிகாரத்தைத் தானே குறைத்துக்கொண்ட அபூர்வமான தலைவர் அவர். ஆனால் அதே ஆள் 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1952இல் தேர்தலில் நிற்காமல், ஆளுநரின் நியமனத்தால் மேலவைக்கு வந்து முதல்வரானார். 1953இல் கிராமப் பிள்ளைகள் பாதி நாள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டத்தை மேலிருந்து திணித்தார். ஒருவன் என்னவாக வேண்டும் என்பதை அரசு முடிவு செய்யக்கூடாது என்பதுதானே தாராளவாதத்தின் முதல் பாடம்? அந்தக் ‘குலக்கல்வி’த் திட்டத்தை எதிர்த்த பெரியார்தான் அந்த விஷயத்தில் உண்மையான தாராளவாதி. புரோகிதர் இல்லாமலே இரண்டு பேரின் சம்மதத்தோடு கல்யாணம் செய்யலாம் என்ற சட்டத்தை 1967இல் கொண்டுவந்ததும் அண்ணாவின் ஆட்சி. ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் நிறைந்த சுதந்திராக் கட்சி அல்ல. கொள்கையைக் கொண்டுவந்தவர்களின் குறைக்காகக் கொள்கையைத் தள்ளுவதென்றால் நம்மிடம் ஒரு கொள்கையும் மிஞ்சாது.

அரசே வேண்டாம் என்பதும் தாராளவாதம் இல்லை. ஆடம் ஸ்மித் 1776இலேயே நீதி, பாதுகாப்பு, பொதுப்பணி மூன்றும் அரசின் கடமை என்று எழுதிவைத்தார். பொதுப்பணியில் சாலையும் பள்ளியும் அடக்கம். புலியூர்ப் பெண்ணின் வெற்றியைக்கூட இந்தக் கண்ணோடு பாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்பது முன்கூட்டியே எழுதிவைத்த, தகுதியுள்ள எவருக்கும் ஒன்றேபோல் பொருந்தும் விதி. அவர் யார் வீட்டு வாசலிலும் மனுவோடு நிற்கவில்லை. விதி இருந்தது, படித்தார், தேறினார். அதே மலையில் பழங்குடிச் சான்றிதழுக்குப் போனால் கதை வேறு. வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவர் மனது வைக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி அலைந்து படிப்பை விட்ட பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கே விதி ஆள்கிறதோ அங்கே மலைக்காரர் முன்னேறியிருக்கிறார். எங்கே ஆளின் மனம் ஆள்கிறதோ அங்கே அவர் காத்துக்கிடக்கிறார்.

உள்ளூரிலும் கொடுங்கோலர்கள் இருக்கிறார்களே, கிராம சபையைப் பெரியதனக்காரர்கள் பிடித்துக்கொள்வார்களே என்ற கேள்வி நியாயமானது. பிடிப்பார்கள். அவர்களை எதிர்த்து நிற்க, மேல்முறையீடு செய்ய, அடுத்த கூட்டத்தில் தோற்கடிக்க முடியும். எதிராளியின் வீடு எது என்று தெரியும். சென்னைத் தலைமைச் செயலகத்தில் யார் கோப்பை அமுக்கி வைத்திருக்கிறார் என்று தெரியுமா?

ஆகவே, ஓட்டுக் கேட்டு மலையேறி வருபவரிடம் சாலையும் விளக்கும் கேளுங்கள். அது உங்கள் வரிப்பணம். கூடவே இன்னும் மூன்றைக் கேளுங்கள். பட்டா நிலத்துச் சந்தனத்தை நாங்கள் வெட்டி விரும்பியவருக்கு விற்க விடுவீர்களா? நம்பிக்கைத் தீர்மானம் தவிர மற்றதில் எங்கள் எம்.எல்.ஏ. தன் மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடச் சட்டத்தைத் திருத்தப் போராடுவீர்களா? ஒன்பது ஆண்டு, பத்து ஆண்டு என்று கிடக்கும் வன உரிமை மனுக்களில் கிராம சபையின் முடிவுக்கு மதிப்புக் கொடுப்பீர்களா? அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதிகள் பத்து மாநிலங்களில் இருக்கின்றன. அங்கெல்லாம் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபைக்குத் தனி அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட ஊர் ஒன்றுகூடக் கிடையாது. அதற்கும் ஒரு பதில் வாங்கிவிட்டு அனுப்புங்கள்.